யாருடைய புகை, யாருடைய கணக்கு?

‘சிறு தீவுகளின் போக்குவரத்து உமிழ்வைக் குறைத்தல்’ என்ற சொற்றொடரை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்துப் பார்க்கிறேன். இதெல்லாம் நிபுணர்கள் சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கிவிடுவது வழக்கம். ஆனால் ‘சிறு தீவு’ என்று பெயர் வைத்த உடனேயே குறைக்க வேண்டியவர் யார் என்பது முடிவாகிவிடுகிறது. இங்கே அதிகாரம் இலக்கணத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

பசிபிக்கில் உள்ள மார்ஷல் தீவுகளை எடுத்துக்கொள்வோம். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்திய மண். 2019-இல் இந்நாடும் ஃபிஜியும் முன்னின்று அறிவித்த பசிபிக் கப்பல் திட்டம், உள்நாட்டுக் கப்பல்களின் உமிழ்வை 2030-க்குள் 40 சதவீதம் குறைக்கவும் 2050-க்குள் அறவே நிறுத்தவும் இலக்கு வைத்தது. சரி. மார்ஷல் கொடி கட்டிக்கொண்டு உலகைச் சுற்றும் ராட்சதக் கப்பல்கள்? கொடி எண்ணிக்கையில் உலகின் முதல் வரிசையில் நிற்கும் பதிவேடு அது. நடத்தப்படுவது அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து. கொடிக்கட்டணத்தில் தீவு அரசுக்கும் ஒரு பங்கு உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கப்பல்களின் புகை எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறுவதில்லை. பன்னாட்டுக் கப்பல் எரிபொருளை 1997-இன் கியோட்டோ உடன்படிக்கை கடல்சார் அமைப்பின் பொறுப்பில் விட்டுவிட்டது. 2015-இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் டோனி டிப்ரம் லண்டனுக்கே போய் அந்த அமைப்பிடம் இலக்கு கேட்டார். கப்பல் புகைக்கு விலை வைக்கும் தீர்மானம் 2025 அக்டோபரில் மேலும் ஓராண்டு தள்ளிப்போனது. மீன்பிடிப் படகின் மோட்டாரை எண்ணத் தெரிந்த கணக்கு, எண்ணெய்க் கப்பலைக் கண்டதும் கண்ணை மூடிக்குது.

அடுத்த சொல் ‘சிக்கனம்’. கப்பலின் வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 20 சதவீத எரிபொருள் மிச்சம். கணக்கு சரியாத்தான் வருது. ஆனால் எப்போது வரும் என்று தெரியாத கப்பலுக்காக அரிசியும் மருந்தும் இல்லாமல் காத்திருக்கும் வெளித்தீவுக்காரரிடம் யார் போய்ச் சொல்வது? பாய்மரமும் அவர்களுக்குப் புதிதில்லை. அலைகளின் போக்கைக் குச்சிகளைக் கட்டிப் படமாக்கிக் கற்றுக்கொண்ட சமூகம் அது. தீவுவிட்டுத் தீவு போகும் அந்தப் பயணங்களைக் கட்டுப்படுத்தியவற்றில் ஜெர்மானியக் காலனி ஆட்சியும் ஒன்று. 2024-இல் ஜெர்மன் உதவியோடு கட்டப்பட்ட பாய்க்கப்பல் ஒன்று மஜுரோ வந்து சேர்ந்தது. பறித்ததைத் திருப்பித் தருவதற்கு ‘தொழில்நுட்ப உதவி’ என்று பெயர்.

மூன்றாவது, தாவர எரிபொருள். தேங்காய் எண்ணெயில் டீசல் இஞ்சின் ஓடும். இதில் மாயம் எதுவுமில்லை. சுமார் 25 டிகிரிக்குக் கீழே உறையும், ஈரமும் அமிலமும் இருந்தால் இஞ்சினை அடைக்கும், வடிகட்டணும், சூடாக்கணும். ஒரு ஹெக்டேரில் ஒரு டன் கொப்பரை கிடைத்தால் எண்ணெய் சுமார் 600 கிலோ. இதை வைத்து எல்லாக் கப்பலையும் ஓட்டிவிட முடியாது. தென்னந்தோப்பே ஐரோப்பிய வியாபாரிகள் பெருக்கிய ஏற்றுமதிப் பயிர் என்பதையும், கொப்பரை உடைக்கிறவர் கூலி மானியத்தை நம்பி நிற்கிறது என்பதையும் அறிக்கைகள் அடிக்குறிப்பில்கூடச் சொல்வதில்லை.

இதே எண்ணெய்க்கு இன்னொரு வரலாறு உண்டு. போகன்வில் தீவில் 1989-இல் பாங்குனா செப்புச் சுரங்கத்தை மக்கள் எழுச்சி மூட வைத்தது. 1990-இல் பாப்புவா நியூ கினி அரசு தீவை முற்றுகையிட்டது. டீசல் இல்லை. தேங்காய் எண்ணெயில் வண்டி ஓட்டினார்கள். யாரும் கார்பனை எண்ணவில்லை. அடுத்தவன் கப்பலை எதிர்பார்க்காமல் நகர முடியுமா என்பதே அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கினால் புகையும் குறையும். புகையிலிருந்து மட்டும் தொடங்கினால் சார்பு அப்படியே இருக்கும், பீப்பாயின் பெயர்தான் மாறும். ஆளற்ற பாலைத்தீவுகளுக்கு எழுதியது போன்ற திட்டம் எனக்கு வேண்டாம்.

திட்ட அறிக்கை ஒன்று கைக்கு வந்தால் நண்பர்கள் மூன்றே கேள்விகளோடு வாசிக்க வேண்டும். கொடியின் புகை கப்பல் முதலாளியின் கணக்கில் ஏறுகிறதா? கொப்பரை விலையை உடைக்கிறவர் பேச முடியுமா? கப்பல் வரும் நாளை வெளித்தீவு தீர்மானிக்குமா? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அது இன்னொரு காலனிய ஆவணம்.