சிரித்த புலியும் சிரிக்காத மனிதரும்

ஜிம் கார்பெட்டைப் படிக்காமல் காட்டைப் பற்றிப் பேசாதே என்று சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. படிக்கத்தான் வேண்டும். எப்படிப் படிப்பது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் தகராறு. வேட்டை எழுத்தில் விலங்கின் முகத்தைப் பார்ப்பவர் யார், எங்கே நின்றுகொண்டு பார்க்கிறார், பார்த்ததை என்னவென்று எழுதுகிறார் என்ற மூன்று கேள்விகளோடு சில பிரதிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்கள் வெள்ளையர்கள். ஆனால் இந்தப் பிரதிகளுக்குள் நம் ஆட்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் செத்துக்கிடக்கிறார்கள், அல்லது சுமை தூக்குகிறார்கள்.

முதலில் புலி. 1944இல் வெளிவந்த குமாயுன் ஆட்கொல்லிகள் பற்றிய நூலில் சௌகர் புலிகள் குறித்து ஒரு கட்டுரை இருக்கிறது. 1930 ஏப்ரல் 11ஆம் நாள் நடந்தது. கார்பெட்டின் ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள். முட்டை சேகரிப்பது அவருக்குப் பழக்கம். பெரிய பாறை ஒன்றைச் சுற்றி வந்து திரும்பிப் பார்க்கிறார். எட்டடி தூரத்தில் புலி படுத்திருக்கிறது. அதன் முகத்தில் ஒரு புன்சிரிப்பு இருந்தது என்கிறார். எந்த மாதிரிச் சிரிப்பு? நெடுநாள் கழித்து வீடு திரும்பும் எஜமானனை வரவேற்கிற நாயின் முகத்தில் இருக்குமே, அந்த மாதிரி. துப்பாக்கியை ஒற்றைக் கையால் மெல்ல மெல்ல அதன் பக்கம் திருப்புகிறார். சுடுகிறார். அதுவரை அந்த மகிழ்ச்சி புலியின் முகத்தை விட்டுப் போகவில்லையாம்.

கார்பெட்டின் துணிச்சலை நான் சந்தேகிக்கவில்லை. அந்த எட்டடியில் வேறு யாராக இருந்தாலும் கை நடுங்கிச் செத்திருப்பார்கள். பொய் சொல்கிறார் என்றும் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். நான் கேட்பது வேறு. உயிர் போகும் அந்த நொடியில், உலகத்தில் எத்தனையோ உவமை இருக்க, நாயும் எஜமானனும் ஏன் வந்து நிற்கிறார்கள்? காட்டில் எவனுக்கும் கட்டுப்படாத ஒரு பிராணி, துப்பாக்கிக்கு முன்னால் வந்ததும் வாலாட்டும் வளர்ப்பு மிருகமாகிவிடுகிறது.

அதே கட்டுரையிலேயே அந்தச் சிரிப்புக்கு மறுப்பும் இருக்கிறது. செத்த புலியைச் சோதித்துப் பார்த்த கார்பெட், அதன் நகங்கள் உடைந்திருந்ததையும் ஒரு கோரைப்பல் முறிந்திருந்ததையும் முன்பற்கள் எலும்புவரை தேய்ந்திருந்ததையும் குறித்துவைக்கிறார். கிழட்டுப் பெண்புலி அது. அதற்குத் துணையாக இருந்த வளர்ந்த குட்டியை முந்தைய ஆண்டு தாய் என்று நினைத்துச் சுட்டுவிட்டதையும் அவரே ஒத்துக்கொள்கிறார். குட்டி போனபிறகு தாயால் ஒழுங்காகக் கொல்லவும் முடியவில்லை. பல்லும் போய், பிள்ளையும் போய், ஏப்ரல் வெயிலில் படுத்துக்கிடந்த ஒரு கிழவியின் வாய்தான் சிரித்ததாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் புலிகள் கொன்ற மனிதர்கள் 64 பேர். அவர்கள் ஊர்வாரியாக ஒரு பட்டியலில், எண்களாக வருகிறார்கள். புலிக்கு முகம் கிடைத்தது, அந்தப் பட்டியலுக்குக் கிடைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் பண்ணைவீட்டுக்காரர்கள் பன்றி வேட்டைக்குக் கிளம்பினால் சேரியிலிருந்து இருபது முப்பது ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூலி கிடையாது. கிடைத்தால் குடலும் காலும். துப்பாக்கிக்காரர் பரண்மேல் உட்கார்ந்திருப்பார். நம்ம ஆளுங்க கீழே பறையடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, புதரைக் கலைத்தபடி வரவேண்டும். பன்றி திரும்பிப் பாய்ந்தால் முதலில் கிழிவது கலைப்புக்காரன் தொடை. என் தாத்தாவுக்கு அப்படிக் கிழிந்த தழும்பு சாகும்வரை இருந்தது. அவர் என் அப்பாவுக்குச் சொன்னது இது. அப்பா எனக்குச் சொன்னார்:

“மூஞ்சியப் பாக்காதடா. மூஞ்சி பொய் சொல்லும். காதப் பாரு. பொடனி மயிரு நிக்குதான்னு பாரு. முன்னங்காலு எந்தப் பக்கம் ஊணியிருக்குன்னு பாரு. பல்லு கடிக்கிற சத்தம் கேட்டா மரம் ஏறு, அப்புறம் யோசி.”

பரண்மேல் இருந்தவருக்கும் கீழே நின்றவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த வார்த்தைகளில் இருக்கிறது. மேலே இருப்பவருக்கு நேரம் இருக்கிறது. விலங்கின் முகத்தில் கோபமா, கம்பீரமா, சோகமா என்று ரசிக்கலாம், சாயங்காலம் விருந்தில் சொல்லலாம், பிறகு புத்தகமாகவும் எழுதலாம். கீழே இருப்பவருக்கு முகம் என்பது உபயோகமில்லாத சங்கதி. அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அடுத்த நொடி அது எந்தப் பக்கம் வரும்? யானை காதை விரிக்கிறதா, காட்டுமாடு உடம்பைப் பக்கவாட்டில் திருப்பித் தன் அளவைக் காட்டுகிறதா, மான் காலைத் தரையில் உதைக்கிறதா? இதெல்லாம் உடம்பு பேசுகிற பேச்சு. இதைப் படித்தவர்கள் எழுதவில்லை. எழுத அவர்களுக்கு விடப்படவில்லை. எழுதியவர்களோ அவர்களை ‘கலைப்பவர்கள்’ என்று பன்மையில் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டார்கள்.

விஞ்ஞானம் தாத்தா பக்கம்தான் நிற்கிறது. விலங்கிலும் மனிதரிலும் உணர்ச்சி எப்படி வெளிப்படுகிறது என்று 1872இல் டார்வின் ஒரு புத்தகமே எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர்கள் இன்னும் கவனமாகப் பார்த்தார்கள். புலி மற்றொரு புலியின் மூத்திரத்தை மோந்துவிட்டு மூக்கைச் சுருக்கி, பல்லெல்லாம் தெரிய வாயைத் திறக்கும். நமக்கு அது சிரிப்பு மாதிரித் தெரியும். அது வாசனையை உள்ளே இழுக்கிற வேலை. வெயிலில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் உதட்டோரம் மேலே போகும். மிரட்டும்போது காதைத் திருப்பி, அதன் பின்புறத்து வெள்ளைப் புள்ளியை எதிரிக்குக் காட்டும். அப்படியானால் வாயைவிட காதுதான் நம்பகமான சாட்சி.

குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குரங்கு பல்லைக் காட்டினால் ‘இளிக்குது பார்’ என்கிறோம். சத்தமில்லாமல் பல்லைக் காட்டுகிற குரங்கு பெரும்பாலும் தன்னைவிடப் பலசாலியான குரங்குக்கு முன்னால் நிற்கிறது. ‘நான் உனக்கு அடங்கினவன், அடிக்காதே’ என்பதுதான் அந்தப் பல்லுக்கு அர்த்தம். பயத்தைத்தான் நாம் சிரிப்பு என்று படிக்கிறோம்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். ‘பல்லிளிச்சிக்கிட்டு நிப்பான்’ என்று யாரைப் பற்றிச் சொன்னார்கள்? துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, ‘சாமி’ என்று நின்ற நம் தாத்தாக்களைத்தானே. ‘அந்தக் காலத்து ஆளுங்க எவ்வளவு விசுவாசம், எப்பவும் சிரிச்ச மொகம்’ என்று இன்றைக்கும் ஊர்த் தெருவில் பெருமூச்சு விடுகிறார்கள். அடிக்காதே என்று காட்டிய பல்லைத்தான் இவர்கள் அறுபது வருஷமாகச் சிரித்த முகம் என்று ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கார்பெட்டின் உவமையில் வரும் நாயும் எஜமானனும் எனக்கு உறுத்துவது இதனால்தான். ஆயுதம் வைத்திருப்பவருக்கு எதிரே இருக்கும் எல்லா முகமும் வரவேற்பாகத் தெரிகிறது.

இனி யானை. ஜார்ஜ் ஆர்வெல் 1936இல் எழுதிய, யானையைச் சுட்ட கட்டுரையை நம் கல்லூரிகளில் ஆங்கிலப் பாடமாக வைத்திருக்கிறார்கள். பர்மாவில், மோல்மீனில், மதம் பிடித்த வளர்ப்பு யானை ஒன்று கட்டறுத்துக்கொண்டு ஒரு கூலியைக் கொன்றுவிடுகிறது. அந்தக் கூலி திராவிடர் என்று ஆர்வெல் எழுதுகிறார். கடைசியில் வெள்ளைக்காரர்கள் அவரைக் கொரங்கி என்கிறார்கள். ஆந்திரக் கரையின் கொரங்கித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன கூலிகளுக்கு அங்கே அந்தப் பெயர். பாடம் நடத்துகிறவர்கள் ஏகாதிபத்தியத்தின் மனச்சாட்சி என்று நடத்துகிறார்கள். சரிதான். ஆர்வெல் தன்னையே கிழித்துக்கொள்கிறார். ஜனங்கள் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களே என்ற ஒரே பயத்தில்தான் யானையைச் சுட்டதாக ஒத்துக்கொள்கிறார். அந்த நேர்மை பெரிது.

ஆனால் முகங்களை எண்ணிப் பாருங்கள். அமைதியாகப் புல் தின்கிற யானைக்கு ஒரு பாட்டியின் சாயல் கிடைக்கிறது. அதைச் சுடுவது கொலை மாதிரி உறுத்துகிறது. மிதிபட்டுச் சேற்றில் கிடக்கும் கூலிக்கு என்ன கிடைக்கிறது? திறந்த கண்ணும், வேதனையில் பல்லை இளித்த வாயும். அந்த உடம்பைப் பற்றிக் கடைசியில் அவர் சொல்வது, கூலி செத்தது நல்லதாய்ப் போயிற்று, சட்டப்படி தன்மேல் தப்பில்லாமல் ஆயிற்று என்பதுதான். ஒரு கூலியைவிட யானைக்கு விலை அதிகம் என்று இளம் வெள்ளையர்கள் பேசிக்கொண்டதையும் எழுதுகிறார். யானைக்குப் பாட்டி முறை வந்தது. அந்த மனிதருக்கு ஒரு பாட்டி இருந்திருப்பாளா, அவள் எந்தக் கரையில் காத்திருந்தாள் என்ற கேள்வி வரவில்லை. எத்தனை வருஷமாக இந்தப் பாடத்தை நம் பிள்ளைகள் படிக்கிறார்கள்? அந்தக் கூலி யார் என்று ஒரு பத்து மதிப்பெண் கேள்வி வந்திருந்தால் யாராவது சொல்லுங்கள்.

வெள்ளைக்காரனை மட்டும் சொல்லிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நம் இலக்கியத்துக்கும் இதில் பங்கு உண்டு. பெண்ணின் கண்ணுக்கு மான் கண்ணை உவமை சொல்வது நமக்குப் பழைய வழக்கம். குறளின் 109ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது, நேற்றைய சினிமாப் பாட்டிலும் இருக்கிறது. ‘மருண்ட விழி’ என்கிறோம். மருட்சி என்றால் என்ன? வேட்டையாடப்படுகிற பிராணியின் பயம். மானுக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும், பெரிதாக, பின்னால் வருபவனும் தெரிகிற மாதிரி அமைந்திருக்கிறது. அது உயிர் பிழைப்பதற்கான ஏற்பாடு. அதைப் பயம் என்று படித்து, பயத்தை அழகு என்று மாற்றி, அந்த அழகைப் பெண்ணின் தலையில் கட்டி, ‘நீ இப்படிப் பயந்தால்தான் லட்சணம்’ என்று சொல்லியிருக்கிறோம். இதே கண்ணை நம் பையன்களிடம் பார்த்தால் அதற்கு வேறு பெயர்: ‘திருட்டு முழி’. 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தவர்கள் பிறப்பிலேயே குற்றவாளி என்று சில மக்களுக்கு முத்திரை குத்தினார்கள். அந்தச் சட்டம் 1952இல் போய்விட்டது. முழியைப் படிக்கிற பழக்கம் போகவில்லை. இரவில் சைக்கிளில் வருகிற சேரிப் பையனைப் போலீஸ் நிறுத்தினால், பயந்த முகம் குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. எந்தப் பயமும் பயமாகப் படிக்கப்படுவதில்லை. புலியில் சிரிப்பு, பெண்ணில் அழகு, நம்மில் திருட்டு.

அப்படியானால் முகத்தைச் சரியாகப் படிக்கவே முடியாதா? முடியும். அதற்கும் உதாரணம் கார்பெட்டிடமே இருக்கிறது. 1952இல் வந்த ‘என் இந்தியா’ நூலில் புதூ என்பவரைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. கங்கைக்கரை மொகாமா காட்டில் கார்பெட்டிடம் வேலை பார்த்த கூலி, ஒடுக்கப்பட்ட சாதிக்காரர். பழகிய அத்தனை வருஷத்திலும் அவர் சிரித்ததே இல்லை என்றுதான் கார்பெட் தொடங்குகிறார். சிரிக்காத முகத்துக்குக் காரணம் தேடிப் போகிறார். தலைமுறை தாண்டி வந்த ஒரு கடன், வட்டிமேல் வட்டி, பனியாவிடம் கைநாட்டுப் போட்ட பத்திரம். அந்தப் பத்திரம்தான் புதூவின் முகத்தில் எழுதியிருந்தது. கார்பெட் தலையிட்டுக் கடனைத் தீர்த்துவைக்கிறார். இந்த அத்தியாயத்தில் எஜமானனின் பெருந்தன்மை நெடி அடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அடிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் இது நல்ல வாசிப்பு. முகத்தில் நின்றுவிடாமல் அதற்குப் பின்னால் இருந்த காகிதத்தை வாங்கிப் படித்திருக்கிறார். கிழட்டுப் புலியின் பல்லைச் சோதித்த அதே கைதான் இது. அந்தப் புலியைச் சுடுவதற்கு முன்னால் அவருக்கு அந்த அவகாசம் இல்லை. சுட்டபிறகுதான் பல் தெரிந்தது. அப்போதும் முன்னால் எழுதிய சிரிப்பை அவர் அடிக்கவில்லை.

நமக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ‘ஒடுக்கப்பட்டவனுக்கு விலங்கின் பாஷை பிறவியிலேயே தெரியும்’ என்று நம்மவர்களும் எழுத ஆரம்பித்திருக்கிறார்கள். அது சாதிக்காரன் பேச்சு. என் தாத்தாவுக்குத் தெரிந்தது தொடை கிழிந்து கற்ற வேலை. அதில் ரத்தம் இருக்கிறது, அற்புதம் ஒன்றும் இல்லை. அவரும் பன்றியைக் கொல்லத்தான் போனார், கறியைத் தின்றார். பன்றியும் நம்மைப் போல ஒடுக்கப்பட்டது என்று உவமை எழுதினால், புலியை நாயாக்கிய கார்பெட்டுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. விலங்கை விலங்காக விடுவோம். அதன் பயத்தைப் பயம் என்றே எழுதுவோம்.

இனி வேட்டைக் கதை எதைப் படித்தாலும், எழுதுபவர் பரண்மேல் இருக்கிறாரா கீழே இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அந்தப் பக்கத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு காதைப் பாருங்கள்.