சுவர் யாரைப் பார்க்கிறது?

காரைக்குடியில் வளர்ந்தவர்களுக்குச் சுவரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த செட்டிநாட்டுச் சுவரைத் தடவிப் பார்க்கவே எங்கெங்கிருந்தோ வர்றாங்க. ஆனால் பல வீடுகளில் சுவர்தான் இருக்கிறது, குடியிருக்க ஆளில்லை. சென்னை கண்ணகி நகரின் சுவரோவியங்களை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அங்கே நிலைமை தலைகீழ். ஆரம்பத்தில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிகூடக் கிடையாது. உள்ளே ஒரு குடும்பமே நெருக்கியடித்து வாழ்கிறது.

2000 முதல், நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களைக் குடிசை மாற்று வாரியம் துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய் வைத்தது. அவர்கள் பார்த்த வேலையும் பிள்ளைகள் படித்த பள்ளியும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டன. அப்புறம் அடிதடி, கஞ்சா, போலீஸ் என்று செய்திகள் வந்தன. "கண்ணகி நகரா?" என்ற ஒரு கேள்வியிலேயே வேலை கைநழுவிப்போகும் நிலை வந்தது.

2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு, ஏஷியன் பெயின்ட்ஸ் துணையோடு, இதைச் சென்னையின் முதல் கலை வட்டாரமாக்கியது. ஏ-கில் வரைந்த சிரிக்கும் பிள்ளைகளின் முகங்கள் நல்ல ஓவியம், அதில் சந்தேகமில்லை. குற்றச் செய்தியின் படமாக மட்டுமே தெரிந்த பிள்ளைகளை மூன்று மாடி உயரத்துக்கு ஏற்றி, அண்ணாந்து பார்க்க வைக்கிறது. அது சின்ன விஷயமில்லை.

என் குறை ஓவியத்தின் மீதல்ல, "ஊரே மாறிடுச்சு" என்கிற பேச்சின் மீதுதான். இதற்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் கொலம்பியாவின் மெடலின் நகரத்துக் கொமூனா 13-ஐப் பாருங்கள். 2002-இல் ராணுவத் தாக்குதல் நடந்த அந்த மலைச்சரிவில், 2011-இல் 384 மீட்டருக்கு நகரும் படிக்கட்டு அமைத்தார்கள். அங்கே சுவரில் வண்ணம் மட்டும் ஏறவில்லை. நகரத்துக்குப் போகும் வழியும் திறந்தது. நம் கதையில் வழியைப் பற்றிய பேச்சே அடிபடவில்லை. ஊரை விட்டுத் துரத்தியது வன்முறை இல்லையா? அதை எந்தச் சுவரில் வரைவது?

2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் கார்த்திகா இருந்தார். தமிழ்நாடே அவரைக் "கண்ணகி நகர் கார்த்திகா" என்றது. மறைக்க வேண்டியிருந்த விலாசம் பெயருக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே ஒரு பெண் பிள்ளைக்கு விளையாட இடமும் சொல்லித்தர ஆளும் கிடைத்ததால் வந்த மாற்றம் அது. சுவரோவியம் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது. நாமும் சிரித்துப் படம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. அப்படியே அந்த வீட்டுக் கதவையும் ஒரு தடவை பார்த்துட்டு வாங்க.