நெம்மாராவா, வல்லங்கியா? ஆட்டம் மதியமே முடிந்துவிடுகிறது

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம், கொல்லங்கோடு வழியாக நெல்லியாம்பதி போகிறவர்கள் மீன மாதம் 20-ஆம் தேதி நெம்மாராவைச் சுலபத்தில் தாண்ட முடியாது. ஏப்ரல் 2 அல்லது 3-இல் வரும் அந்த நாளில்தான் நெல்லிக்குளங்கரை பகவதிக்கு வேலா என்னும் கோயில் திருவிழா. நெம்மாரா ஒரு தேசம், அதாவது ஓர் ஊர்; வல்லங்கி எதிர் தேசம். யானை, வாத்தியம், பந்தல், வெடிக்கெட்டு என்னும் வாணவேடிக்கை எல்லாமே தனித்தனி. நடுவர் கிடையாது, கோப்பையும் கிடையாது. ஆனாலும் யார் கை ஓங்கியது என்ற பேச்சு ஓயாது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் வெடிக்கெட்டில் போய் நிற்கிறது. என்னைக் கேட்டால், மதிய வெயிலில், ஐந்து வாத்தியங்கள் சேர்ந்த பஞ்சவாத்தியம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முடிவு தெரிந்துவிடும்.

சங்கு முழங்கியதும் வரும் பதிகாலம் என்ற மெதுவான முதல் கட்டத்தில் திரிபுடை தாளத்தின் ஒரு சுற்றுக்கு 896 அட்சரம், அதாவது தாள எண்ணிக்கை. அது 448, 224, 112 என்று பாதி பாதியாகச் சுருங்கி 7-இல் வந்து முடியும். கடைசிக் கட்டத்தில் வேகமே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். கூட்டமும் கைகளை மேலே வீசி ஆடும். சுமாரான குழுகூட அங்கே தப்பித்துவிடும். 896-இல் ஒளிந்துகொள்ள இடமில்லை. திமிலை மேள வரிசையின் நடுவில் நின்று குழுவை நடத்தும் பிரமாணி அந்த நீண்ட வெளியை எதைக் கொண்டு நிரப்புகிறார், எங்கே அடிக்காமல் விடுகிறார், அவர் விட்ட இடத்திலிருந்து மத்தளம் பிசிறில்லாமல் எடுக்கிறதா, இடக்கை அதை வளர்க்கிறதா? டெஸ்ட் போட்டியின் முதல் காலையில் புதுப்பந்தை விடத் தெரிந்த தொடக்க ஆட்டக்காரரிடம் இருக்கும் பொறுமை இங்கேயும் வேண்டும். அவசரப்பட்ட குழு பின்னால் எவ்வளவு முழக்கினாலும் விட்டதைப் பிடிக்க முடியாது.

இந்தக் கட்டுமானம் 1930-களில் உருவானது. அதில் பெரும்பங்கு மத்தள மேதை திருவில்வாமலை வெங்கிச்சன் சுவாமிக்கு. வெங்கடேஸ்வர ஐயர் என்பது அவர் முழுப்பெயர். அன்னமனடை அச்சுத மாரார் போன்ற திமிலைக் கலைஞர்கள் உடன் நின்றார்கள். பாரதப்புழைக் கரையில் பிறந்த இந்தச் சாதனையைத் தமிழ்நாட்டில் நாம் போதுமான அளவு கொண்டாடவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி வெடிக்கெட்டு. 2016 ஏப்ரல் 10 அன்று கொல்லம் மாவட்டம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் போட்டி வாணவேடிக்கை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் ஒரு தேசத்தின் மானத்தை வெடிச் சத்தத்தில் வைத்து அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அளப்பதற்கு வாத்தியம் இருக்கிறது.

அடுத்த வேலாவுக்குப் போகிறவர்கள் சாயங்காலம் வெடிக்கெட்டுக்கென்று கிளம்ப வேண்டாம். மதியமே போய் வாத்திய வரிசைகளின் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். எதிரெதிரே நிற்கும் திமிலையும் மத்தளமும், நடுவில் இடக்கையும், ஒரே பார்வையில் அகப்படுவது அங்கிருந்துதான்.