தரையிறங்கும் வானூர்தியின் பின்சுழல்: அளவீட்டு முறைகள் பற்றிய ஒரு மதிப்பீடு

பறக்கும் வானூர்தியின் இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் மிகுந்தும் மேலே குறைந்தும் இருக்கும். அடிக்காற்று இறக்கை நுனியைச் சுற்றி மேலேறுவதால், பின்னால் எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரு காற்றுச் சுழல்கள் தோன்றுகின்றன. இவையே பின்சுழல்கள். பின்தொடரும் சிறிய வானூர்தியை இவை புரட்டிவிடக்கூடும். ஓடுபாதையை நெருங்கும்போது உயரம் குறைவு. சமாளிக்க நேரமும் குறைவு.

இதைத் தவிர்க்க ஐகாவோ அமைப்பு நெடுங்காலம் கையாண்ட அளவுகோல் எடை. 7,000 கிலோ, 136,000 கிலோ ஆகிய புறப்பாட்டு எடைகளை எல்லையாக வைத்து வானூர்திகள் இலகு, நடுத்தரம், கனம் எனப் பிரிக்கப்பட்டன. முறை எளிது, ஆனால் போதாது. சுழலின் வலிமை எடையோடு இறக்கையின் நீளத்தையும் வேகத்தையும் சார்ந்தது. 1993 டிசம்பர் 15 அன்று கலிபோர்னியாவின் சாண்டா அனாவில், போயிங் 757க்குப் பின்னால் இறங்கிய சிறிய ஜெட் விழுந்து ஐவர் இறந்தனர். போயிங் 757 கன வகையில் சேராத வானூர்தி. இடைவெளியைப் பார்த்துக் கொள்ளும் பொறுப்பும் அன்று விமானிகளின் கண்ணுக்கே விடப்பட்டிருந்தது.

எடையிலிருந்து ஊகிக்காமல் சுழலையே அளப்பது லைடார் கருவி. அது அனுப்பும் லேசர் ஒளி காற்றிலுள்ள நுண்துகள்களில் பட்டுத் திரும்புகிறது. டாப்ளர் விளைவால் ஒளியின் அதிர்வெண்ணில் ஏற்படும் மாற்றம் காற்றின் வேகத்தைக் காட்டுகிறது. ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் நின்று, பறக்கும் பாதைக்குக் குறுக்காக மேலும் கீழும் வருடினால் சுழலின் இடம், வலிமை, ஆயுள் ஆகியன தெரியும்.

இதன் பயன் 2019இல் வியன்னா விமான நிலையத்தில் வெளிப்பட்டது. ஜெர்மானிய விண்வெளி மையத்தினர் ஓடுபாதை முனைக்கு முன்னால் தரையில் தட்டிகளை வரிசையாக நிறுத்தினர். அவை சுழல்களை விரைவில் சிதைக்கின்றன என்பதை லைடார் அளவீடே மெய்ப்பித்தது.

குறைகளும் உண்டு. அடர்ந்த மூடுபனியிலும் கனமழையிலும் லைடாரின் பார்வை மங்கும். தன் பார்வைக் கோட்டின் வழியான வேகத்தையே அது நேரடியாக அளக்கும். மற்றவை கணக்கிட்டுப் பெறப்படுபவை. தரையருகே சுழல்கள் பக்கவாட்டில் விலகிச் செல்வது இயல்பு. எனினும், மெல்லிய குறுக்குக் காற்று ஒரு சுழலை ஓடுபாதை மீதே நிறுத்திவிடலாம். ஆகவே ஓரிடத்துச் சராசரியை எல்லா நாளுக்கும் பொருத்த முடியாது. சுழலின் வலிமை தெரிந்தாலும், பின்வரும் வானூர்தி எவ்வளவு பாதிக்கப்படும் என்பது அதன் இறக்கை நீளத்தையும் பொறுத்தது.

நெரிசல் மிகுந்த விமான நிலையங்கள் இடைவெளியைக் குறைக்க விரும்புவது இயற்கை. நல்ல வானிலையில் எடுத்த அளவீடு மட்டும் அதற்குச் சான்றாகாது. சுழல் நீடித்து நின்ற அரிய வேளைகளையும் கணக்கில் எடுத்த பின்னரே இடைவெளியைக் குறைப்பது முறையாகும்.