எரிந்த காயிலும் எரித்த காரணமும்

கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் லேத் பட்டறை இருக்கும் தெருவில், சற்றுத் தள்ளி மோட்டார் காயில் கட்டும் கடையும் இருக்கும். பைக்காரா மின்சாரம் 1930-களில் இந்த ஊருக்கு வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை இங்கே செய்து காட்டினார்கள். அந்த மரபின் இன்னொரு கிளைதான் எரிந்த மோட்டாரைத் தூக்கிப் போடாமல் மறுபடி கட்டி ஓட்டும் பழக்கம். பழைய லேத், துளையிடும் இயந்திரம், ஷேப்பர் எல்லாம் இன்னும் சோறு போட்டுக்கொண்டிருப்பது இந்தக் கடைகளால்தான். அதே கடைகளில் நடக்கும் சில வேலைகள் அந்த இயந்திரங்களின் ஆயுளைக் குறைக்கின்றன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

முதலில் காயில் கட்டுபவரின் கைத்திறமையைச் சொல்ல வேண்டும். பெயர்ப்பலகை தேய்ந்து, தயாரித்த கம்பெனியே இல்லாமல் போன ஒரு மோட்டார் வருகிறது. கட்டுபவர் கருகிய காயிலை வெட்டி எடுத்து, ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று என்று எண்ணுகிறார். இனாமலைச் சுரண்டிவிட்டுக் கம்பியின் கேஜ் பார்க்கிறார். எந்த ஸ்லாட்டில் நுழைந்து எந்த ஸ்லாட்டில் வெளிவருகிறது என்று குறித்துக்கொள்கிறார். வரைபடம் எதுவும் இல்லாமல் ஒரு மோட்டாரின் முழுக் கணக்கும் அரை மணி நேரத்தில் அவர் நோட்டில் ஏறிவிடுகிறது. இரண்டு வேகம் உள்ள பழைய மோட்டாராக இருந்தாலும், இயந்திரத்தின் தலைக்குள்ளேயே பொருத்தப்பட்ட ஃபிளேஞ்ச் மோட்டாராக இருந்தாலும், இந்தத் திறமைக்கு மாற்று கிடையாது. அங்கே புது மோட்டார் வைக்கலாம் என்பது சொல்ல மட்டுமே எளிது. கால் துளைகளின் இடைவெளி ஒத்துவராது, ஷாஃப்ட்டின் உயரம் மாறும், அங்குல அளவில் கடைந்த புல்லி மில்லிமீட்டர் ஷாஃப்ட்டில் உட்காராது.

மின்சாரச் செலவைக் காட்டி இந்தப் பழக்கத்தை மறுப்பவர்கள் உண்டு. அந்த வாதம் பம்புக்குப் பொருந்துகிற அளவு லேத்துக்குப் பொருந்தாது. 5 ஹெச்.பி. மோட்டார் ஒன்று, பழையதன் திறன் 82 விழுக்காடு, புதியதன் திறன் 88 என்று வைத்துக்கொள்வோம். முழுச் சுமையில் நாளுக்கு 10 மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 300 நாள் ஓடும் பம்பில், வித்தியாசம் 900 யூனிட்டைத் தாண்டும். பட்டறை லேத் அப்படி ஓடுவதில்லை. வேலையை மாட்டுவதும் அளப்பதும் போக, அரைச் சுமையில் நான்கு மணி நேரம் ஓடினால் அதிகம். அங்கே வித்தியாசம் 185 யூனிட்தான். அதற்காகத் தலைப்பெட்டியை அறுத்து ஒட்டுவேலை செய்யச் சொல்வது நியாயமில்லை. சாதாரணக் கால் வைத்த ஒரு ஹெச்.பி. மோட்டார் மூன்றாவது முறை கட்ட வந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போடுவதே சரி. அது வேறு கணக்கு.

நன்றாகக் கட்டினால் திறன் குறையவே வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஈசா, பிரிட்டனின் ஏ.இ.எம்.டி. என்ற பழுதுபார்ப்போர் சங்கங்கள் 2003-இல் வெளியிட்ட கூட்டு ஆய்வின் சாரமும் இதுதான்: முறையாகச் செய்தால் திறன் அப்படியே நிற்கும். பழைய மோட்டாரில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. அந்தக் காலத்தில் பருத்தி நூல் சுற்றிய கம்பி ஸ்லாட்டில் இடத்தை அடைத்துக்கொண்டது. இன்றைய இனாமல் கம்பியின் பூச்சு மெல்லியது. அதே ஸ்லாட்டில் கூடுதல் செம்பு போடலாம். 155 டிகிரி தாங்கும் எஃப் வகுப்புக் காப்பும் கொடுக்கலாம். பிறந்தபோது இருந்ததைவிட நல்ல மோட்டாராக அதைத் திருப்பித் தர முடியும்.

நடப்பதோ பெரும்பாலும் நேர்மாறு. 20 கேஜ் கம்பி கையிருப்பில் இல்லை, அல்லது ஸ்லாட்டில் நுழைக்கக் கஷ்டம் என்று 21 கேஜ் போட்டுவிடுகிறார்கள். விட்டம் 0.914 மில்லிமீட்டரிலிருந்து 0.813 ஆகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வித்தியாசத்தில் மின்தடை 26 விழுக்காடு ஏறுகிறது. அத்தனையும் சூடாக வெளிவரும். காப்பின் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மோட்டார்காரர்களின் பழைய கணக்கு.

இதைவிட மோசமானது பழைய காயிலை உருவ மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது. ஸ்டேட்டரின் இரும்புத் தகடுகளுக்கு நடுவே மெல்லிய காப்பு உண்டு. சுமார் 370 டிகிரிக்கு மேல் சூடு போனால் அந்தக் காப்பு போய்விடும். தகடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொள்ளும். அதன்பின் மோட்டார் சும்மா ஓடினாலே இரும்பு சுடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆய்வகம் வேண்டாம். ஸ்டேட்டர் வழியாக ஒரு கேபிளைச் சில சுற்றுச் சுற்றி மின்சாரம் கொடுத்து, சற்று நேரம் கழித்து அணைத்துவிட்டு உள்ளே கையால் தடவினால், கெட்ட இடம் தனியாகச் சுடும். இதைச் செய்யும் கடைகள் குறைவு. மிகப் பழைய காப்புகளில் சிலவற்றில் கல்நார் இருந்தது என்பதையும் தீ வைப்பவர்கள் நினைக்க வேண்டும். அந்தத் தூசி கடையில் இருப்பவர்களின் நுரையீரலுக்குத்தான் போகிறது.

பேரிங் கதையும் இப்படித்தான். எண்ட் கவரில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து தளர்ந்திருந்தால், சுற்றிலும் டாட் பஞ்சால் புள்ளி குத்தி, மேடேறிய விளிம்புகளில் பேரிங்கை அடித்து இறக்குவார்கள். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். சில மாதங்களில் அந்த மேடுகள் நசுங்கி, ஷாஃப்ட் மையம் விலகி, ரோட்டர் ஸ்டேட்டரில் உரசும். பக்கத்திலேயே லேத் இருக்கிற ஊரில், கவரைக் கடைந்து புஷ் போட்டு மறுபடி அளவுக்குக் கடைவது எத்தனை பெரிய வேலை?

எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகத் தெரிவது, எரிந்த காயிலை யாரும் படிக்காமல் வெட்டி எறிவது. ஏன் எரிந்தது என்று அதுவே சொல்லும். எல்லாக் காயில்களும் ஒரே மாதிரி கருகியிருந்தால் அதிகச் சுமை, அல்லது காற்றோட்டம் அடைத்த தூசி. ஒரே ஒரு காயில் மட்டும் போயிருந்தால் சுற்றுகளுக்குள் ஷார்ட். சில காயில்கள் ஒழுங்கான இடைவெளியில் கருகி, நடுவில் உள்ளவை நிறம் மாறாமல் இருந்தால் ஒரு ஃபேஸ் வராமல் ஓடியிருக்கிறது. ஸ்டார் இணைப்பில் மூன்றில் இரண்டு பங்கு கருகும். டெல்டாவில் மூன்றில் ஒரு பங்கு. அப்படி இருந்தால் கோளாறு மோட்டாரில் இல்லை. அது பட்டறையின் ஃபியூஸிலோ ஸ்டார்டரின் தேய்ந்த கான்டாக்டிலோ இருக்கிறது. அதைச் சொல்லாமல் புதுக் காயில் போட்டு அனுப்பினால் அதே மோட்டார் அதே கருகலோடு திரும்பி வரும். பட்டறையிலோ, அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஓவர்லோடு ரிலேயைக் கடைசி வரை திருகி வைத்திருப்பார்கள்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கூலி ஹெச்.பி. கணக்கில் பேசப்படுகிறது. காரணம் கண்டுபிடித்ததற்கும், இரும்பைச் சோதித்ததற்கும், வார்னிஷை அடுப்பில் பல மணி நேரம் காய வைத்ததற்கும் தனிக் காசு இல்லை. மாலையில் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, காலையில் ஓட வேண்டும் என்கிறார் பட்டறைக்காரர். வார்னிஷ் உள்ளே ஈரமாக இருக்கும்போதே மோட்டார் வண்டியேறுகிறது. மோட்டாரை எடுக்கப் போகிறவர் மூன்றே எண்களை எழுதி வாங்கலாம்: போட்ட கம்பியின் கேஜ், மெகர் காட்டிய மெகாஓம், சுமையில்லாமல் ஓடும்போது மூன்று ஃபேஸிலும் வந்த ஆம்பியர். மூன்று ஆம்பியரும் கிட்டத்தட்ட ஒன்றாக இல்லையென்றால், சப்ளையைச் சரிபார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். அந்தச் சீட்டு ஸ்டார்டர் பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தால், அடுத்த முறை கட்டுபவர் கேஜைக் கருகிய கம்பியிலிருந்து ஊகிக்க வேண்டியிருக்காது. இதற்காகக் கடைக்காரர் கேட்கும் கூடுதல் கூலியைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டியது பட்டறைக்காரர்தான்.