பால்கொள்வோர்க்கு ஒரு பெயர்

ஊன் உண்ணாது, பாலும் தயிரும் மோரும் நெய்யும் கொள்வாரைக் குறிக்கத் தமிழில் தனிச்சொல் உண்டா என்பதே ஈண்டு எழும் வினா. 'சைவம்' என்னும் சொல் இருக்க வேறொன்று எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். அச்சொல் இவ்விடத்து எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வாம்.

முதற்கண் ஆங்கிலத்தை நோக்குவோம். 1847இல் இங்கிலாந்தின் இராம்சுகேட்டில் ஊனுணவு மறுப்போர் சங்கம் தோன்றியபின் 'வெஜிடேரியன்' என்னும் சொல் பரவிற்று. அச்சொல்லின் வடிவம் காய்கறியை மட்டுமே சுட்டும். எனினும் அப்பெயர் பூண்டோருள் பலர் பாலையும் முட்டையையும் விலக்கினாரல்லர். இவ்விடர்ப்பாட்டினால் 1944இல் டொனால்ட் வாட்சன் முதலியோர், அச்சொல்லின் முதலையும் ஈற்றையும் மட்டும் கொண்டு 'வீகன்' என்னும் பெயரை அமைத்து, பாலையும் விலக்குவோர்க்கு உரியதாக்கினர். பால்கொள்வோர்க்கு அகராதிகளில் அருகி வழங்கும் 'லாக்டேரியன்' என்பதோ, இலத்தீனில் பாலைக் குறிக்கும் சொல்லடியாகப் பிறந்தது. முன்னது பாலைச் சுட்டாது விட்டது. பின்னது காய்கறியைச் சுட்டாது விட்டது. ஒவ்வொன்றும் பாதிப் பெயரே.

பெயரின் எல்லை வாழ்வின் எல்லையுமாகும் என்பதற்குக் காந்தியடிகளின் வரலாறு சான்று. 1888இல் ஊன் உண்ணேன் என அன்னைக்கு உறுதிமொழி அளித்து இலண்டன் சென்ற அவர், 'ஊன்' என்பதற்கு ஆங்கு மூவகைப் பொருள்கோள் நிலவக் கண்டார். பறவை விலங்குகளின் தசை மட்டுமே ஊன் என்பது ஒன்று. மீன் உள்ளிட்ட எல்லா உயிரின் தசையும் ஊன் என்பது மற்றொன்று. உயிர்களிடமிருந்து பெறும் முட்டையும் பாலும் ஊனே என்பது மூன்றாவது. அன்னை எப்பொருளில் அச்சொல்லைக் கொண்டாரோ அதுவே தம்மைக் கட்டுப்படுத்தும் எனத் துணிந்து முட்டையை விலக்கினார். 1912இல் பாலையும் துறந்தார். 1918இல் நோயுற்று மெலிந்தபின், நோன்பு கொண்ட காலத்துத் தம் எண்ணத்தில் இருந்தவை பசுவும் எருமையுமே எனக் கருதி ஆட்டுப்பால் பருகினார். அதனால் நோன்பின் சொல் பிழைத்ததேயன்றி உயிர் பிழைக்கவில்லை என அவரே பின்னர் வருந்தினார்.

இனித் தமிழுக்கு வருவோம். 'சைவம்' சமயப் பெயர்; உணவுப் பெயரானது வழக்கினால். ஊன் உண்ணா வைணவரும் சமணரும் இன்று தம் உணவைச் 'சைவம்' என்பர். பெரியபுராணம் போற்றும் கண்ணப்பரோ இறைவனுக்கு ஊனே படைத்தவர். அவர் படைத்த உணவு 'அசைவம்'. அவர் சைவருள் தலையாயவர். இம்முரண் சொல்லின் குறையேயன்றி அடியாரின் குறையன்று.

அண்மைக் காலத்தார் 'வீகன்' என்பதற்கு 'நனிசைவம்' என்றனர். 'நனி' என்பது மிகுதிப்பொருள் தரும் உரிச்சொல் எனத் தொல்காப்பியம் கூறும். ஓசையால் இனியதாயினும், இவ்வாக்கம் எது விலக்கப்பட்டது என்பதை உணர்த்தவில்லை. மிகுதியை மட்டும் உணர்த்துகிறது. அதனால் பால்கொள்வார் குறைசைவராகி நிற்கின்றனர். பெயரிடும்போதே தீர்ப்பும் கூறுதல் கலைச்சொல்லுக்கு அழகன்று.

பழந்தமிழில் இத்தனிச்சொல் வேண்டப்படாமைக்குக் காரணம் திருக்குறளில் புலனாகிறது. அருளுடைமைக்கும் தவத்துக்கும் இடையே 26ஆம் அதிகாரமாகப் 'புலால் மறுத்தல்' அமைந்துள்ளது. புலால் என்பது பிறிதோர் உடம்பின் புண் என்பது வள்ளுவர் கருத்து. உணவு விலங்கினின்று வந்ததா, மரத்தினின்று வந்ததா என்பதன்று அவர் வினா. அது புண்ணா அன்றா என்பதே. பால் புண்ணன்று, ஆதலின் அது அவ்வெல்லைக்கு வெளியே நின்றது. பண்புடைமை அதிகாரத்துப் பாலை நல்லதற்கு உவமையாக ஆண்டவரும் அவரே. ஆயின், கன்றுக்குரிய பாலைக் கவர்தலும் தீங்கன்றோ என்னும் வினா இன்று வலுத்துள்ளது. எல்லையே வழக்குக்கு உள்ளானபின், அதன் இருபுறத்தும் நிற்போர்க்குப் பெயர் வேண்டும்.

'பாலுண்ணி' எனலாமோவெனின், அது தோலில் எழும் மருவுக்குப் பெயராகிவிட்டது. ஈழத்து வழக்கில் பயிலும் 'மரக்கறி' சமயச் சார்பற்றது, பொருளும் வெளிப்படை. அதனைக் கொண்டு 'பால்கொள் மரக்கறியர்' என அமைப்பின், உண்ணும் இரண்டும் பெயரில் நிற்கும். முட்டை தானே விலகும். உயர்வு தாழ்வும் தோன்றாது. பாலையும் விலக்குவாரைப் 'பால்கொள்ளா மரக்கறியர்' எனலாம். சொல் சற்று நீளும் என்பது உண்மை. எனினும், யார் எதனை உண்கிறார் என்பதைச் செவ்விதின் உரைத்தலே இத்தகைய சொல்லின் கடன். அவருள் யார் அருளில் மிக்கார் என்பதை அறநூலார் ஆராய்க.