கனமான சக்கரம் உண்மையான சக்கரமா?

மாட்டு வண்டி ஓட்டுபவரின் கையிலிருக்கும் கயிறு இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஓட்டுபவரின் கட்டளையை மாட்டுக்குக் கொண்டு செல்கிறது. மாட்டின் போக்கை ஓட்டுபவருக்குக் கொண்டு வருகிறது. மாடு மிரளப் போவதைக் கண் காண்பதற்கு முன்பே கை அறிந்துவிடும். சைக்கிளின் கைப்பிடியும் இத்தகையதே. தார்ச்சாலையை விட்டு மணலில் இறங்கியதும் கைப்பிடியின் உணர்வு திடீரென்று மாறிவிடுவதை உணராதவர் நம்மில் இல்லை. கருவியின் வழியாகக் கைக்குத் திரும்பி வரும் இந்த விடையையே பொறியியலார் விசைப் பின்னூட்டம் என்கின்றனர்.

இதைச் செயற்கையாக உண்டாக்கும் முயற்சி அணுக்கூடத்தில் தொடங்கியது. அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் ரேமண்ட் கோயர்ட்ஸ் என்பார், கதிரியக்கப் பொருள்களைத் தொலைவிலிருந்து கையாளும் இயந்திரக் கைகளை உருவாக்கினார். 1954இல் அவர் வெளியிட்ட மின் கருவியில், தொலைவிலுள்ள இயந்திரக் கை எதையேனும் முட்டினால் அந்த முட்டலை இயக்குபவரின் கையும் உணரும். 1989இல் வெளிவந்த 'ஹார்ட் டிரைவின்' என்ற காசு போட்டு ஆடும் விளையாட்டில் இதே கருத்து ஸ்டியரிங் சக்கரத்தில் நுழைந்தது. 1990களின் பிற்பகுதியில் வீட்டுக் கணினிக்கும் வந்துவிட்டது.

இன்று நெல்லை, பாளையங்கோட்டை இளைஞர் சிலர் மேசை விளிம்பில் இத்தகைய சக்கரத்தைப் பொருத்திக்கொண்டு கணினிப் பந்தயம் ஓட்டுகின்றனர். இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் நிலையான பந்தயத் தடங்கள் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும் கோவைச் செட்டிபாளையத்திலும் உள்ளன. தாமிரபரணிக் கரையில் வாழும் ஓர் இளைஞனுக்குக் கைக்கெட்டும் பந்தயத் தடம் கணினியில் உள்ளது மட்டுமே.

இவர்களிடையே ஒரு துண்டுச் சீட்டு கைமாறி வருகிறது. என் வகுப்பு மாணவர்களும் அதைக் காட்டினார்கள். பெருக்கம் 100, வடிப்பான் 0, குறைந்தபட்ச விசை 15, தணிப்பு 0 என்று எண்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இவற்றை அப்படியே கணினியில் பதித்தால் சக்கரம் "நிஜ வண்டி போலக் கனமாக" இருக்குமாம். இந்தச் சீட்டையும், இத்தகைய சீட்டுகளுக்கு இடம் கொடுக்கும் கருவிகளையும் இயற்பியல் நோக்கில் ஆராய்வோம்.

டயர் சொல்லும் செய்தி

வளைவில் திரும்பும் காரின் முன் டயர், தான் நோக்கும் திசையிலேயே செல்வதில்லை. நோக்கும் திசைக்கும் செல்லும் திசைக்கும் இடையே ஒரு சிறு கோணம் இருக்கும். இதைச் சறுக்குக் கோணம் என்போம். இக்கோணம் இருப்பதால்தான் ரப்பர் பக்கவாட்டில் வளைந்து, காரைத் திருப்பும் பக்க விசை உண்டாகிறது.

இந்தப் பக்க விசை, டயர் தரையைத் தொடும் பரப்பின் நடுவில் செயற்படுவதில்லை. சற்றுப் பின்னால் தள்ளிச் செயற்படுகிறது. ரப்பர் முன் விளிம்பில் தரையைப் பற்றி, பின்னோக்கிச் செல்லச் செல்ல மேலும் மேலும் வளைவதே இதற்குக் காரணம். விசையும் தொலைவும் சேர்ந்தால் திருப்பு விசை உண்டாகும். அது சக்கரத்தை நேர் திசைக்குக் கொண்டுவர முயல்கிறது. ஓட்டுநரின் கையில் உணரப்படும் கனத்தின் பெரும்பகுதி இதுவே.

சறுக்குக் கோணம் மேலும் அதிகரித்தால், தொடு பரப்பின் பின்பகுதி முதலில் பிடி விட்டு வழுக்கத் தொடங்குகிறது. அப்போது பக்க விசை செயற்படும் இடம் முன்னோக்கி நகர்கிறது, தொலைவு குறைகிறது. பக்க விசை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, நேராக்கும் திருப்பு விசை இறங்கத் தொடங்கிவிடுகிறது. சாதாரணக் கார் டயரில் திருப்பு விசை ஏறக்குறைய 4 டிகிரியில் உச்சத்தை அடைந்து குறையத் தொடங்கும். பக்க விசையின் உச்சமோ அதைவிட ஏறக்குறைய இரு மடங்கு கோணத்தில் வரும். டயருக்கு டயர் இவ்வளவுகள் மாறும், வரிசை மாறாது.

இதன் பொருளைச் சிந்தியுங்கள். டயர் முழுவதுமாக வழுக்குவதற்கு முன்பே, சக்கரம் லேசாகி ஓட்டுநரை எச்சரிக்கிறது. எச்சரிக்கை கனத்தில் இல்லை. கனம் குறைவதில் உள்ளது.

சீவப்பட்ட உச்சி

துண்டுச் சீட்டின் முதற் குறை இங்கே வெளிப்படுகிறது. ஒரு கணக்கைப் பார்ப்போம். கணினியிலுள்ள காரின் ஸ்டியரிங்கில் வளைவின் நடுவில் 8 நியூட்டன்-மீட்டரும், உச்சத்தில் 10 நியூட்டன்-மீட்டரும், டயர் வழுக்கத் தொடங்கியதும் 7 நியூட்டன்-மீட்டரும் திருப்பு விசை இருப்பதாகக் கொள்வோம். மேசையிலுள்ள மோட்டாரால் 2 நியூட்டன்-மீட்டர்தான் தர முடியும் என்க.

எல்லாவற்றையும் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தால் கைக்குக் கிடைப்பவை 1.6, 2, 1.4. சக்கரம் லேசானதுதான், ஆனால் ஏற்றமும் இறக்கமும் அதே விகிதத்தில் அப்படியே உள்ளன. கனம் போதவில்லை என்று பெருக்கத்தை இரு மடங்காக்கினால் மோட்டாரிடம் கேட்கப்படுபவை 3.2, 4, 2.8. மோட்டாரால் தர இயலுவதோ 2. ஆகவே கைக்கு வருபவை 2, 2, 2. சக்கரம் கனமாகத்தான் இருக்கிறது. ஆனால் டயர் வழுக்கும் செய்தி எங்கே? மோட்டாரின் எல்லைக்கு மேற்பட்ட உச்சி முழுவதும் சீவப்பட்டு, அதனுடன் செய்தியும் போய்விட்டது.

நம் ஊர்க் கொடை விழாவில் குழாய் ஒலிபெருக்கியை அளவுக்கு மீறி முடுக்கிவிட்டால் என்ன நேர்கிறது? வில்லுப்பாட்டுக்காரரின் குரலில் உள்ள ஏற்ற இறக்கமெல்லாம் மறைந்து ஒரே இரைச்சலாகிவிடுகிறது. ஊர் முழுவதும் கேட்கிறது. கதை மட்டும் புரிவதில்லை. பெருக்கம் 100 என்று வைத்த சக்கரத்தின் நிலையும் இதுவே.

வலிமை மிக்க மோட்டாரால் பயன் இல்லையா எனலாம். உண்டு. அதன் சிறப்பு, கையை வலிக்கச் செய்வதில் இல்லை. உச்சியைச் சீவாமல் ஏற்ற இறக்கங்களை முழுமையாகக் காட்டுவதற்கு இடம் தருவதில் உள்ளது. மேலும், உண்மைக் காரின் கனமே மாறாத ஓர் இயற்கை அளவு அன்று. இன்றைய கார்கள் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்கோடு ஒரு மின் மோட்டார் இணைந்து ஓட்டுநருக்கு உதவுகிறது. கைக்கு எவ்வளவு கனம் வர வேண்டும் என்பதைத் தொழிற்சாலைப் பொறியாளர்களே முடிவு செய்கின்றனர். "நிஜ வண்டியின் கனம்" என்று சொல்லும்போது எந்த வண்டியின் கனம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அலகில்லாத எண்கள்

செய்முறைத் தேர்வில் ஒரு மாணவர் "விடை 100" என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. 100 மீட்டரா, 100 கிராமா? சக்கரத்தின் பெருக்கமும் இப்படி அலகின்றி நிற்கும் எண்ணே. அது அந்தந்த மோட்டாரின் விழுக்காடு மட்டுமே. 2015இல் வந்த லாஜிடெக் ஜி29 சக்கரம் ஏறக்குறைய 2 நியூட்டன்-மீட்டர் தரும். அதே நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஜி புரோ சக்கரம் 11 நியூட்டன்-மீட்டர் வரை தரும். இரண்டிலும் 100 என்பது ஒரே எண். கையில் உணர்வதோ ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடும்.

குறைந்தபட்ச விசையும் அப்படியே. பற்சக்கரம் கொண்ட மலிவான சக்கரங்களில் உள் உராய்வு மிகுதி. சிறு விசைகள் அந்த உராய்வைக் கடக்க முடியாமல் உள்ளேயே அடங்கிவிடும். அதை ஈடுகட்டவே இந்த அமைப்பு. உராய்வு சக்கரத்துக்குச் சக்கரம் வேறுபடும்போது, நண்பரின் சக்கரத்துக்குப் பொருந்திய 15 நம் சக்கரத்துக்கு எவ்வாறு பொருந்தும்? மிகையாக வைத்தால் சக்கரம் நடுநிலையில் நில்லாமல் இடமும் வலமும் துள்ளும்.

இவ்விடத்தில் ஒரு நல்ல முறையைப் பாராட்ட வேண்டும். இத்தாலியின் குனோஸ் நிறுவனம் 2014இல் வெளியிட்ட 'அசெட்டோ கோர்சா' விளையாட்டைப் பயன்படுத்துவோர், 'வீல் செக்' என்ற சிறு நிரலைக் கொண்டு மோட்டாருக்குப் படிப்படியாக விசைக் கட்டளைகளைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சக்கரம் எவ்வளவு அசைகிறது என்று அளக்கின்றனர். அந்த அளவுகளிலிருந்து ஒரு திருத்த அட்டவணை உருவாகிறது. நம் ஆய்வுக்கூடங்களில் கருவியை அளவு திருத்தும் முறையும் இதுதான். பிறர் எண்ணைக் கேட்டு வாங்காமல், தன் கருவியைத் தானே அளந்து அறிவது அறிவியல் மனப்பான்மை. 'ஐரேசிங்' விளையாட்டு விசையை நியூட்டன்-மீட்டரிலேயே குறிப்பதும் பாராட்டத்தக்கது.

ஒன்றைத் தொட்டால் மற்றொன்று

விளையாட்டின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் பெருக்கம், வடிப்பான், தணிப்பு ஆகியவை தனித்தனிப் பட்டைகளாக நிற்கின்றன. ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்ற எண்ணத்தை அது உண்டாக்குகிறது. இது தவறு.

கணினி கணக்கிட்டு விசையை அனுப்பச் சிறிது காலம் ஆகிறது. நொடிக்கு 60 முறை அனுப்பினால் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையே ஏறக்குறைய 17 மில்லிநொடி செல்கிறது. சக்கரம் வலப்புறமிருந்து நடுநிலைக்குத் திரும்புவதாகக் கொள்வோம். அது நடுவைக் கடந்த பிறகும், சற்று முன்பிருந்த நிலைக்குரிய பழைய விசையே அதை இடப்புறமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். ஊஞ்சல் செல்லும் திசையிலேயே ஒவ்வொரு முறையும் தள்ளிவிட்டால் வீச்சு பெருகுவது போல, இங்கும் ஒவ்வோர் அலைவிலும் ஆற்றல் சேர்கிறது. நேர்ச்சாலையில் கையை எடுத்தால் சக்கரம் தானே இடவலமாக ஆடத் தொடங்குவதன் காரணம் இதுவே. பெருக்கமும் காலத்தாழ்வும் மிகுந்தால் ஆட்டமும் மிகும்.

வடிப்பான் சொரசொரப்பை நீக்கும். ஆனால் சென்ற கணங்களின் விசைகளைச் சேர்த்துச் சராசரி காண்பதால் காலத்தாழ்வை மேலும் கூட்டும். தணிப்பு ஆட்டத்தை அடக்கும். ஆனால் வேகமான அசைவுகளை எதிர்த்துச் சக்கரத்தைக் கூழில் துழாவும் அகப்பையாக்கிவிடும். ஆகவே முதலில் பெருக்கத்தைக் குறைத்துச் செய்தியைக் காப்பாற்றுவதே முறை. அதன் பிறகும் ஆட்டம் இருந்தால் சிறிதளவு தணிப்பைச் சேர்க்கலாம். சீட்டிலுள்ள "பெருக்கம் 100, தணிப்பு 0" என்ற சேர்க்கை ஆட்டத்துக்கு நேரடி அழைப்பு.

இன்னொரு குறையும் உண்டு. தட ஓரத்தின் அதிர்வு, வழுக்கல் அதிர்வு, பிரேக் அதிர்வு எனக் கூடுதல் விளைவுகளைச் சேர்க்கும் பட்டைகள் 'அசெட்டோ கோர்சா'வில் உள்ளன. இவை டயரின் கணக்கிலிருந்து வருபவை அல்ல, மேலே தூவப்படுபவை. பூட்டாத பிரேக்கின் துடிப்பு உண்மைக் காரில் முக்கியமாகக் காலில்தான் உணரப்படும். பின் டயர் வழுக்குவதை உடலும் உட்காதும் உணரும். அசையாத நாற்காலியில் இருப்பவருக்கு அவற்றைக் கையின் வழியே தெரிவிப்பது ஒரு மாற்று ஏற்பாடு. அதில் குற்றமில்லை. அதை "நிஜம்" என்று அழைப்பதும், அந்த அதிர்வுகளால் மோட்டாரின் எல்லையை நிரப்பி டயரின் குரலை அமுக்குவதும்தான் குற்றம்.

விளையாட்டுத்தானே?

"விளையாட்டுத்தானே, அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளட்டும்" என்று சிலர் கூறலாம். விளையாட்டு மட்டுமாக இருந்தால் நானும் உடன்படுவேன். ஆனால் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு விதிகள், அங்கீகாரம் பெறும் ஓட்டுநர் பயிற்சி மையங்களில் பாவனைக் கருவியும் சோதனைத் தடமும் இருக்க வேண்டும் என்கின்றன. அக்கருவியிலும் ஒரு ஸ்டியரிங் சக்கரம் உண்டு. அது கற்பிப்பது உண்மையா, பொய்யா என்பது விளையாட்டுக் கேள்வி ஆகாது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அம்பாசமுத்திரம் பக்கச் சாலைகளில் சென்றவர்கள் அறிவார்கள். வயலிலிருந்து ஏறும் டிராக்டரின் சக்கரம் உதிர்த்த சேறு, மழையில் கரைந்து தார்மீது படலமாகப் பரவிக் கிடக்கும். அங்கே ஸ்டியரிங் லேசாகும் ஒரு கணமே ஓட்டுநருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. கனத்தை மட்டுமே காட்டும் சக்கரத்தில் பழகிய கை அந்தக் கணத்தை அறிந்துகொள்ளாது.

சக்கரம் வைத்திருக்கும் வாசகர்கள் ஒரு சோதனை செய்யலாம். விளையாட்டில் ஒரு நீண்ட வளைவில் ஒரே சீரான வேகத்தில் சென்றுகொண்டே ஸ்டியரிங்கை மெல்ல மெல்ல மேலும் திருப்புங்கள். கனம் ஏறி, பிறகு இறங்குவதைக் கை உணர வேண்டும். உணரவில்லையானால் பெருக்கத்தைப் பத்துப் பத்தாகக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள். இறக்கம் முதன்முதலாகத் தெளிவாகத் தெரியும் எண்ணே உங்கள் சக்கரத்துக்கும் அந்தக் காருக்கும் உரிய எண். அதை உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சக்கரத்தின் பெயர், காரின் பெயர், மோட்டாரின் நியூட்டன்-மீட்டர் அளவு ஆகியவற்றையும் பக்கத்திலேயே குறித்துவிட்டால், அதை நண்பருக்குக் கொடுப்பதில் பிழையில்லை.